எஞ்சின் எழுதிய ஏடு

காரோட்டத் தெரிந்த நண்பர்களிடம் ஒரு கேள்வி. ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தியபடி நீங்கள் தொடர்ச்சியாக எவ்வளவு நேரம் ஓட்டியிருப்பீர்கள்? பெரும்பாலோரின் விடை மூன்று அல்லது நான்கு நொடிகள் என்பதாகவே இருக்கும். பந்தய ஓட்டுநருக்குங்கூட, ஒரு கியரில் எஞ்சினின் சுழற்சி நிமிடத்துக்கு 3,000 என்பதிலிருந்து 6,500 வரை ஏறும் நேரம் சில நொடிகள்தாம். ஓர் எஞ்சின் தன் முழு வலிமையைக் காட்டுவதும், பிழையாக அமைக்கப்பட்டிருந்தால் தன்னைத்தானே அழித்துக்கொள்வதும் அந்தச் சில நொடிகளுக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன.

அந்த நேரத்தில் எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்பதை எப்படி அறிவது? ஓட்டுநரின் கண் பாதையில் இருக்கிறது; கை ஸ்டியரிங்கில் இருக்கிறது. செவிக்குக் கேட்பது ஒரே முழக்கம். இன்று இதற்கு விடை எளிது. காரிலுள்ள கணினி ஒவ்வொரு கணத்தையும் எண்களாகப் பதிந்து வைக்கிறது. ஓட்டம் முடிந்தபின் அந்தப் பதிவை விரித்துப் படித்து எஞ்சினைத் திருத்துகிறார்கள். ஆனால் இந்த எளிய விடையை அடைய இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன. அவ்வரலாற்றின் ஒரு பகுதி நம் தமிழகத்து ஓடுதளங்களிலும் நிகழ்ந்தது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கிணற்றடியில் ஒரு பாடம்

திருவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி அமைந்த ஊர் சுந்தரபாண்டியம். கண்மாயும் கிணறும் நம்பிப் பயிர் செய்யும் இத்தகைய ஊர்களுக்கும் பந்தயக் காருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். தொடர்பு உண்டு. தமிழகத்துச் சிற்றூர்கள் எஞ்சின் என்ற ஒன்றை முதலில் நெருங்கிப் பழகியது காரின் வாயிலாக அன்று. கிணற்றடி ஆயில் எஞ்சின் வாயிலாகத்தான். கமலைக்கும் மின் மோட்டாருக்கும் இடைப்பட்ட காலத்தில் நீர் இறைத்தவை அவையே.

அவற்றை இயக்கியவர்கள் எந்தக் கருவியும் வைத்திருக்கவில்லை. புகையின் நிறத்தைப் பார்த்தார்கள். கரும்புகை வந்தால் சுமை மிகுதி, அல்லது காற்றுக்கு மிஞ்சிய எரிபொருள். நீலப் புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது. வெண்புகை வந்தால் எரிபொருள் எரியாமலே வெளியேறுகிறது. ஓசையையும் கேட்டார்கள். இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனம் 1930-ஐ ஒட்டி வெளியிட்டு, பிற்காலத்தில் இந்தியாவில் ஏராளமாக நகலெடுக்கப்பட்ட எஞ்சின் வகை நிமிடத்துக்குச் சுமார் 650 சுற்றுகளே சுழலும். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிதல் நிகழும் என்பதால், நொடிக்கு ஐந்து வெடிப்புகளுக்குச் சற்று மேல். கூர்ந்து கேட்கும் செவி அவற்றை ஏறக்குறைய எண்ணிவிடலாம். ஒரு வெடிப்பு தவறினால் வயலின் மறுகோடியில் நிற்பவருக்கும் தெரிந்துவிடும்.

இதே கணக்கை 6,000 சுற்றில் ஓடும் கார் எஞ்சினுக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 50 வெடிப்புகள். நான்கு சிலிண்டர் என்றால் 200. கிராங்க் தண்டு ஒரு பாகை திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடியில் 36,000-இல் ஒரு பங்கு. தீப்பொறி இரண்டு பாகை முந்தியதா பிந்தியதா என்பதை இந்த வேகத்தில் எந்தச் செவியாலும் பிரித்தறிய இயலாது. கிணற்றடியில் செல்லுபடியான கல்வி பந்தயத் திடலில் போதாமற்போன இடம் இதுவே.

பென்சில் வரைந்த வடிவம்

எஞ்சினைத் தானே எழுத வைக்கலாம் என்ற எண்ணம் காரைவிடப் பழையது. ஜேம்ஸ் வாட்டின் உதவியாளரான ஜான் சதர்ன் 1796-இல் ஓர் எளிய ஏற்பாட்டைச் செய்தார். நீராவி எஞ்சினின் உருளையில் எழும் அழுத்தத்துக்கேற்ப ஒரு பென்சில் மேலும் கீழும் அசையும். பிஸ்டனின் போக்கோடு இணைந்து ஒரு தாள் முன்னும் பின்னும் நகரும். இரண்டு அசைவுகளும் சேர்ந்து தாளில் ஒரு மூடிய வடிவத்தை வரையும். அவ்வடிவத்தின் பரப்பளவு, ஒரு சுழற்சியில் நீராவி செய்த வேலையின் அளவாகும்.

வால்வு சற்றுப் பிந்தித் திறந்தால் வடிவத்தின் ஒரு மூலை மழுங்கும்; நீராவி கசிந்தால் கோடு தாழும். எஞ்சினைப் பிரிக்காமலே நோய் தெரிந்துவிடும். இதன் மதிப்பை உணர்ந்த வாட்டின் நிறுவனம் பல ஆண்டுகள் இதைத் தொழில் ரகசியமாகவே காத்தது. 1822-இல் ஓர் ஆங்கில அறிவியல் இதழில் இதைப் பற்றிய குறிப்பு வெளியான பின்னரே பிறர் இதை அறிந்தனர். பதிவு என்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதும், அதைப் பூட்டி வைத்தால் எத்தனை பேர் இருளில் உழல நேரும் என்பதும் முதல் கருவியின் கதையிலேயே அடங்கியிருக்கின்றன.

பெட்ரோல் எஞ்சின் வந்தபோது புதியதொரு சிக்கலும் உடன் வந்தது. மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லும் தட்டல் அது. தீப்பொறியில் தொடங்கிய சுடர் சிலிண்டர் முழுதும் பரவி முடிக்குமுன், எஞ்சியிருக்கும் கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாகவே தீப்பற்றி வெடித்துவிடுகிறது. அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவர்களில் மோதி எழுப்பும் ஒலிதான் நமக்குத் தட்டலாகக் கேட்கிறது. தொடர்ந்தால் பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்படும், ஓட்டையும் விழலாம். பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. தூய அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகிவிடும். எரியும் வாயுவோ 2,000 பாகைக்கும் மேல். இடையில் நின்று பிஸ்டனைக் காப்பது உலோகப் பரப்பை ஒட்டிய மெல்லிய வாயுப் படலம். நாக்கிங் அதைக் கலைத்துவிடுகிறது.

முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ, அழுத்த விகிதத்தை ஓடும்போதே மாற்றக்கூடிய ஓர் எஞ்சினை உருவாக்கி, எந்தப் பெட்ரோல் எந்த அழுத்தம் வரை தாங்கும் என்று அளந்தார். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் தோழர்களும் துள்ளும் ஊசி ஒன்றைச் சிலிண்டரில் பொருத்தினர். நாக்கிங் எழும்போது ஊசி துள்ளி மின்சுற்றை இணைக்கும். அந்த மின்னோட்டம் அமிலக் கரைசலிலிருந்து வாயுவைப் பிரிக்கும். சேர்ந்த வாயுவின் அளவே நாக்கிங்கின் அளவு. செவி சொன்னதை முதன்முறையாக எண் சொல்லத் தொடங்கிற்று. இதே மிட்ஜ்லி 1921-இல் நாக்கிங்குக்கு மருந்தாகக் கண்டறிந்த ஈயச் சேர்மம் உலகத்துக் காற்றையே நஞ்சாக்கியது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நிறுத்தப்பட்டது.

சோழவரத்து ஓடுதளம்

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் விமானங்கள் போயின. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்தன. 1953-இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் நடத்திய பந்தயங்கள் இந்திய மோட்டார் பந்தய வரலாற்றில் தனியிடம் பெற்றவை. ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற அன்றாடக் கார்களைப் பிரித்து, எடை குறைத்து, எஞ்சினைத் திருத்தி அங்கே ஓட்டினர். 1980-களில் விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா 1 காரையே அங்குக் கொணர்ந்தார்.

விமானத்துக்காகப் போடப்பட்ட பாதை என்பதால் நேரான நீளம் அங்கே தாராளமாக இருந்தது. முழுத் திராட்டிலில் எஞ்சினைச் சோதிக்க இது பெரும் வாய்ப்பு. திராட்டில் என்பது எஞ்சினுக்குக் காற்று செல்லும் வழியிலுள்ள ஒரு தகடு. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது திறப்பது இந்தத் தகடுதான். புகும் காற்றுக்கேற்பப் பெட்ரோலை அளந்து தருவது அக்காலத்தில் கார்புரேட்டரின் பணி. கார்புரேட்டருக்குள் ஜெட் எனப்படும் நுண்துளைத் திருகு இருக்கும். துளை பெரிதானால் பெட்ரோல் மிகும், சிறிதானால் குறையும். பல கார்புரேட்டர்களில் 110 என்ற எண் 1.10 மில்லிமீட்டர் துளையைக் குறிக்கும். 110-ஆ 115-ஆ என்பதுதான் பந்தய மெக்கானிக்கின் தலையாய கேள்வி.

இதற்கு விடை காண உலகெங்கும் பந்தய மெக்கானிக்குகள் கையாண்ட வழி பிளக்கைப் படிப்பது. புதிய ஸ்பார்க் பிளக்கை மாட்டி, நேர்ப்பாதையில் முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். உச்சத்தை எட்டியதும் ஒரே நொடியில் கிளட்சை மிதித்து எஞ்சினை அணைத்துவிட வேண்டும். கார் உருண்டு வந்து நின்றதும் பிளக்கைக் கழற்றி, அதன் வெள்ளைப் பீங்கானை உற்று நோக்குவார்கள். இளம் பழுப்பு நிறம் ஏறியிருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. சுண்ணாம்பாய் வெளுத்து, பொடிப்பொடியாய் அலுமினியத் துகள் ஒட்டியிருந்தால் பேராபத்து. பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அணைப்பதில் சற்றுத் தாமதித்தாலும் மெதுவோட்டத்தின் கரி படிந்து முழுத் திராட்டிலின் சாட்சியம் அழிந்துவிடும். ஆக, பிளக் என்பது ஒரே ஒரு வரி எழுதக்கூடிய ஓர் ஏடு. முழு ஓட்டத்துக்கும் சேர்த்து ஒரே நிறம். 4,000 சுற்றில் கலவை மிகுந்தும் 6,000 சுற்றில் குறைந்தும் இருந்தால், இரண்டும் கலந்த சராசரியையே அது காட்டும்.

ஈயம் நின்ற பிறகு இந்த வித்தையும் மங்கியது. அந்தப் பழுப்பு நிறத்தில் பெரும்பங்கு ஈயத்தால் வந்தது. ஈயமற்ற பெட்ரோலில் நிறம் ஏறவே நெடுநேரம் ஆகும்.

சோழவரத்துக்குப் பின் சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே அமைக்கப்பட்ட 3.7 கிலோமீட்டர் பாதை 1990-இல் திறக்கப்பட்டது. இதே காலத்தில் கோவை லக்ஷ்மி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் ஒரு புரட்சியைச் செய்தார் எனலாம். மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்தார். எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சட்டகம், தாங்கக்கூடிய செலவு. ஃபார்முலா மாருதி எனப் பெயர் பெற்ற அந்த வகையில்தான் கோவையின் நரேன் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்வைத் தொடங்கினார். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி ஃபார்முலா 1-இல் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைக் காண இருக்கவில்லை. 1995-இல் வான் விபத்தொன்றில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரால் காரி மோட்டார் ஸ்பீட்வே என்று வழங்குகிறது.

பந்தயங்களில் வென்றவர் பெயரும் சுற்று நேரமும் செய்தித்தாளில் அச்சாகின. எந்த வெயிலில் எந்த ஜெட், எத்தனை பாகை டைமிங் என்பவை செய்தியாவதில்லை. அவை மெக்கானிக்கின் நினைவிலும் எண்ணெய்க் கறை படிந்த சிறு நோட்டுகளிலும் தங்கின. கேட்டறிய வேண்டுமானால் அந்தப் பட்டறைக்குள் நுழையும் வாய்ப்பு வேண்டும். ஆலை நகரத்தில் பிறந்தவனுக்கு அது கிட்டலாம். சுந்தரபாண்டியத்தில் பிறந்தவனுக்கு எளிதில் கிட்டாது.

கணினி ஏறிய கதை

1970-களின் பிற்பகுதியில் டைரல் ஃபார்முலா 1 அணியில் கார்ல் கெம்ப் என்ற அறிவியலாளர் காரிலேயே உணரிகளைப் பொருத்தி அளவுகளைப் பதிவு செய்யும் முயற்சியில் ஈடுபட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் அன்றாடக் கார்களிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. 1976-இல் பாஷ் நிறுவனத்தின் லாம்டா உணரி வோல்வோ கார்களில் இடம்பெற்றது. எரிந்து வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை நுகர்ந்து, கலவை சரியா என்று சொல்லும் கருவி இது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ஸாப் நிறுவனம் நாக்கிங்கைக் கேட்டுணரும் உணரியைத் தன் டர்போ கார்களில் பொருத்தியது. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் நாக்கிங்கின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 8,000 முறை; அந்த ஒலியை மட்டும் பொறுக்கியெடுக்கும் வகையில் உணரியின் சுற்று அமைக்கப்படுகிறது. 1987-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மோடெக் போன்ற நிறுவனங்கள், எஞ்சினை இயக்கும் கணினியையும் அளவுகளைப் பதியும் கருவியையும் சிறிய அணிகளின் கைக்கும் எட்டச் செய்தன.

இந்தியாவில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளே இதற்குக் கதவு திறந்தன. 2000-ஐ ஒட்டிக் கார்புரேட்டர்கள் விடைபெற, கணினி பெட்ரோலைப் பீய்ச்சும் முறை பரவியது. 2010-இலும் 2013-இலும் இரு கட்டங்களாகக் கார்களின் உள்நோயறி அமைப்பு கட்டாயமாயிற்று. டாஷ்போர்டின் அடியிலுள்ள அந்தப் பதினாறு முனைச் செருகியில் ஒரு சிறு கருவியை மாட்டினால், எஞ்சினின் அளவுகள் கைப்பேசியிலேயே வரிவரியாக ஓடும். வாட்டின் நிறுவனம் பூட்டி வைத்த ரகசியம் இன்று திருவில்லிபுத்தூர்ப் பட்டறையிலும் கிடைக்கிறது.

ஆயினும் ஒரு நுட்பத்தை இங்குச் சொல்லியாக வேண்டும். மிதமான ஓட்டத்தில் கணினி லாம்டா உணரியின் சொல்லைக் கேட்டுக் கலவையைக் கணத்துக்குக் கணம் திருத்திக்கொண்டே இருக்கும். பழைய வகை உணரியோ கலவை மிகுதியா குறைவா என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லத் தெரியாது. முழுத் திராட்டிலில் வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டித் தர வேண்டியிருப்பதால், அந்நேரம் பல கார்களின் கணினி உணரியைப் பொருட்படுத்தாமல், தன் நினைவிலுள்ள அட்டவணைப்படி பெட்ரோலைப் பீய்ச்சும். அதாவது, ஆபத்து மிகுந்த நொடிகளில்தான் காவலன் கண்ணை மூடிக்கொள்கிறான்! எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லும் அகல்பட்டை லாம்டா உணரி 1990-களில் பரவிய பிறகே இக்குறை நீங்கியது.

பாடபேதம் பார்த்தல்

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரே சுவடியை நம்பிவிடவில்லை என்பதை நம் வாசகர்கள் அறிவர். பல சுவடிகளை ஒப்பிட்டு, எது ஏடெழுதியவரின் கைப்பிழை, எது உண்மையான பாடம் என்று ஆராய்ந்தார். எஞ்சினின் பதிவைப் படிப்பவரும் இதையே செய்ய வேண்டியிருக்கிறது.

பொதுச்சாலையில் ஒருபோதும் செய்யலாகாத வேலை இது. மூடிய பந்தயப் பாதையிலோ, சக்கரங்களை உருளைகளின்மேல் ஓடவிட்டு அளக்கும் டைனமோமீட்டரிலோ ஒரே கியரில் மூன்று முறை முழுத் திராட்டிலில் ஓட்டுகிறார்கள் என்று கொள்வோம். பதிவில் நேரம், சுழற்சி, திராட்டில் திறப்பு, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், லாம்டா, தீப்பொறியின் பாகை, நாக்கிங், இன்ஜெக்டர் திறந்திருந்த நேரம் எனப் பல நிரல்கள் இருக்கும். முதல் வேலை, திராட்டில் முழுமையாகத் திறந்திருந்த வரிகளை மட்டும் பிரித்தெடுப்பது.

லாம்டா 1 என்றால் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் கணக்கு நேர். பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்கள் முழு வலிமை தருவது 0.9-ஐ ஒட்டிய, பெட்ரோல் சற்று மிகுந்த கலவையில். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தையும் உறிஞ்சுகிறது. எடுத்துக்காட்டாக, 5,000 சுற்றில் வேண்டியது 0.88, பதிவில் இருப்பது 0.93. 0.93-ஐ 0.88-ஆல் வகுத்தால் 1.057. அட்டவணையில் அந்த இடத்தில் பெட்ரோலை 5.7 விழுக்காடு கூட்ட வேண்டும். பிளக்கின் நிறத்தை வைத்து ஒரு ஜெட்டை ஊகித்த இடத்தில், ஒவ்வொரு 500 சுற்றுக்கும் தனித்தனி விடை கிடைத்துவிடுகிறது.

ஆனால் அவசரப்படக் கூடாது. எரிந்த புகை உணரியை அடையச் சிறிது நேரமாகும். ஆகவே 5,000 சுற்றின் வரியில் காணப்படும் லாம்டா உண்மையில் அதற்கு முந்தைய கணத்துக்கு உரியது. வரிகளை நகர்த்திப் பொருத்திய பிறகே வகுக்க வேண்டும். அடுத்து, முதல் ஓட்டத்தில் உள்ளிழுத்த காற்று 38 பாகை, மூன்றாம் ஓட்டத்தில் 52 பாகை என்றிருந்தால், காற்றின் அடர்த்தி 4 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கும். அந்த இரண்டு ஓட்டங்களின் வலிமையை நேருக்கு நேர் ஒப்பிடுவது பிழை.

நாக்கிங் நிரலில் இரண்டாம் ஓட்டத்தில் மட்டும் 5,400 சுற்றில் ஒரு தாவல் தெரிகிறது. மற்ற இரண்டில் இல்லை. இது ஏடெழுதியவரின் கைப்பிழையாக இருக்கலாம். ஏதோ ஓர் உலோகம் உலோகத்தில் மோதிய ஓசையை உணரி நாக்கிங் என்று எழுதியிருக்கலாம். மூன்று ஓட்டங்களிலும் அதே இடத்தில் தாவினால் அதுவே பாடம். அங்கே தீப்பொறியைப் பிந்த விட வேண்டும். தீப்பொறியை முன்தள்ளுவதும் ஒரு பாகை, இரண்டு பாகை என்று படிப்படியாகவே செய்யப்படுகிறது. வலிமை மேலும் கூடாத புள்ளி வந்ததும், அல்லது அதற்கு முன்பே நாக்கிங் தலைகாட்டியதும் நிறுத்தி, சற்றுப் பின்வாங்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே என்பது இத்துறையின் பொன்விதி. இரண்டை மாற்றினால் எதனால் எது நேர்ந்தது என்று பதிவுக்கும் தெரியாது.

இன்ஜெக்டர் நிரலும் முக்கியமானது. 6,000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லிநொடிதான் உண்டு. அதில் 17 மில்லிநொடி இன்ஜெக்டர் திறந்தே இருந்தால் 85 விழுக்காடு ஆகிவிட்டது. அதற்கு மேல் அட்டவணையில் எந்த எண்ணை எழுதினாலும் நம்பத் தகுந்த பலன் இராது. பெரிய இன்ஜெக்டர் மாற்றுவது ஒன்றே வழி. கருவியின் எல்லையை இப்படி முன்கூட்டியே காட்டிவிடுவது பதிவின் பெரும்பயன்களுள் ஒன்று.

இன்றைய தேவை

இவையெல்லாம் பந்தயக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாதபடி, நம் பெட்ரோலே மாறிவிட்டது. 2023 முதல் படிப்படியாக அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் வந்துவிட்ட 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டது. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இக்கலவைக்குச் சுமார் 13.5 கிலோ போதும். பழைய பெட்ரோலுக்கென எழுதிய அட்டவணையை அப்படியே வைத்தால், முழுத் திராட்டிலில் கலவை சுமார் 8 விழுக்காடு மெலியக்கூடும். மறுபுறம், எத்தனால் நாக்கிங்கை நன்கு தாங்கும். இழப்பும் ஆதாயமும் கலந்த இந்தக் கணக்கை ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனியாகப் போட வேண்டும். பழைய மெக்கானிக்கின் அனுபவம் பழைய பெட்ரோலில் விளைந்தது என்பதை மறக்கலாகாது.

இன்னொரு நல்ல மாற்றமும் நேர்ந்திருக்கிறது. காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு நாடெங்குமிருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டுவருகிறார்கள். 710 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின். அதற்குள் செல்லும் காற்று அனைத்தும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகவே போக வேண்டும் என்பது பெட்ரோல் கார்களுக்கான விதி. காற்றுக்கே பஞ்சம் என்னும்போது, கிடைத்த காற்றை முழுமையாகப் பயன்படுத்துபவரே முந்துகிறார். பதிவைப் படிக்கத் தெரியாமல் அது இயலாது. ஏன் இப்படி ட்யூன் செய்தீர்கள் என்று நடுவர்கள் கேட்கும்போது, செவிக்கு நன்றாக இருந்தது என்ற விடை செல்லாது. பதிவை விரித்துக் காட்ட வேண்டும்.

சுந்தரபாண்டியத்துக்கு அருகிலேயே, கிருஷ்ணன்கோவிலில், 1984-இல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. கிணற்றடி எஞ்சினின் புகையைப் பார்த்தே நோய் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அத்தகைய வகுப்புகளில் அமர முடிகிறது. அவர்களுக்குக் கோவைப் பட்டறைகளின் வாசல் திறக்கக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு நல்ல பதிவுக் கோப்பு மின்னஞ்சலில் வந்தால், அதைப் படித்தே இருங்காட்டுக்கோட்டையில் ஓடிய எஞ்சினைப் பற்றிச் சுந்தரபாண்டியத்திலிருந்து ஒருவர் கருத்துச் சொல்லலாம்.

செவியும் கண்ணும் இனித் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உணரி பழுதானால் பதிவும் பொய் சொல்லும். புகைக்குழாயில் ஒரு சிறு விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, சரியான கலவையையும் மெலிந்த கலவை என்று எழுத வைத்துவிடும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் உண்டு. விரிசலின் சீழ்க்கையொலியைக் கேட்டுச் சொல்ல அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் அருகில் வேண்டும்.

அவருடைய அறிவையும் பதிவின் பக்கத்திலேயே எழுதி வைப்பதுதான் நாம் செய்யத் தக்கது. எண்களைக் கணினி எழுதிக்கொள்ளும். அன்றைய பெட்ரோல் எந்த நிலையத்தில் நிரப்பியது, வெயில் எப்படி, பிளக்கில் என்ன நிறம், மெக்கானிக் என்ன சொன்னார், முந்தைய ஓட்டத்துக்குப் பின் எது மாற்றப்பட்டது ஆகியவற்றைக் கணினி எழுதாது. ஒவ்வொரு கோப்போடும் இந்த ஐந்து வரிகளைச் சேர்த்து, தேதியிட்டு வைக்கும் வழக்கம் நம் அணிகளிலும் பட்டறைகளிலும் வேரூன்ற வேண்டும். சோழவரத்து ஓடுதளத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எந்த ஜெட்டை ஏன் மாற்றினார் என்பதை அவரைத் தேடிச் சென்று கேட்டால்தான் அறியலாம். இன்று காரியில் ஓடும் எஞ்சினைப் பற்றி நாற்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் அறிய விரும்பினால், கோப்பைத் திறந்தாலே போதும் என்ற நிலை இருக்கட்டும்.